கடைக்குள் ஒரு காவல்காரன்

கத்தரிக்காயை வாங்குகிறோம், கரண்டியை வாங்குகிறோம், காப்பிக் கொட்டையையும் வாங்குகிறோம். ஆனால் ஜவுளியையும் நகையையும் மட்டும் நம் வீடுகளில் 'எடுப்பது'தான் வழக்கம். "தீபாவளிக்குத் துணி எடுத்தாகிவிட்டதா?" என்று எதிர்வீட்டு மாமி விசாரிக்கிறாள். "கொழுந்தனார் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை எடுக்கக் காஞ்சீபுரம் போகிறோம்" என்று நாமும் பெருமையோடு பதில் சொல்கிறோம்.

'எடுப்பது' என்ற இந்தச் சாதுவான சொல்லுக்குள் ஒரு விஷமம் ஒளிந்திருக்கிறது. பணம் கொடுத்து எடுக்க வந்த ஆயிரம் பேர் நிற்கும் அதே கூட்டத்தில், பணம் கொடுக்காமலே எடுக்க வந்த ஓரிருவரும் நிற்கக் கூடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவர்களும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டுதான் வருவார்கள். "இதே கரையில் அரக்கு நிறம் இருக்கிறதா? அந்த மேல் தட்டில் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் இறக்குங்களேன்" என்று கனிவாகத்தான் கேட்பார்கள். சிப்பந்தி மேல் தட்டை நோக்கித் திரும்புவான். அந்த அரை நிமிஷம் போதும்!

போனது ஒரு புடவைதானே, பெரிய கடைக்கு அது ஒரு நஷ்டமா என்று கேட்கலாம். நஷ்டம் கடையோடு நிற்பதில்லையே! களவு போனதற்கும் சேர்த்துத்தான் மற்றச் சரக்குகளின் விலை ஏறுகிறது. அதைக் கொடுப்பவர்கள் நீங்களும் நானும். அதைவிட மோசம், மாலையில் கணக்குப் பார்க்கும்போது புடவை ஒன்று குறைந்தால், அந்தப் பகுதியில் நின்ற விற்பனைப் பெண்ணின் சம்பளத்தின் மேல்தான் முதலில் கண் போகும். மூன்றாவது நஷ்டம் மானத்தைப் பற்றியது. இல்லாத திருட்டுக்காக ஒரு நல்ல குடும்பப் பெண்ணைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி, "பையைத் திறந்து காட்டம்மா" என்று கேட்டுவிட்டால், அந்த நஷ்டத்தை எந்தப் பில்லில் எழுதுவது?

ஆகவே கடைக்குக் காவல் வேண்டியதுதான். எதன் மேல் காவல் வைப்பது, எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி. முந்நூறு வருஷங்களாக இந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருக்கிறார்கள்.

தூக்குக் கயிறும் ஒரு துண்டு லேஸும்

ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் தண்டனைதான் மருந்து என்று நினைத்தார்கள். இங்கிலாந்தில் 1699-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. கடையிலிருந்து ஐந்து ஷில்லிங்கோ அதற்கு மேலோ பெறுமான பொருளை யாரும் அறியாமல் திருடினால் மரண தண்டனை! ஐந்து ஷில்லிங் என்பது கால் பவுன். அதற்கு ஓர் உயிர்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்ததால் திருட்டு நின்றுவிட்டதா? இல்லை. வேறு ஒரு வேடிக்கை நடந்தது. நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்த ஜூரிகளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கெஜம் துணிக்காக ஓர் ஏழைப் பெண்ணைத் தூக்கில் போடுவதா என்று தயங்கி, சரக்கின் மதிப்பை வேண்டுமென்றே ஐந்து ஷில்லிங்குக்குக் கீழே குறைத்துச் சொல்லித் தீர்ப்பளித்தார்கள். கருணையினால் சொல்லப்பட்ட பொய்! சர் சாமுவேல் ரோமிலி என்ற சட்ட நிபுணர் இந்த மரண தண்டனையை எடுத்துவிட வேண்டும் என்று 1810-ல் மசோதா கொண்டுவந்தார். பிரபுக்கள் சபை அதைத் தோற்கடித்துவிட்டது. 1820-களில்தான் கடைத் திருட்டின் மேலிருந்து தூக்குக் கயிறு விலகியது.

அந்தக் கயிற்றின் நிழல் ஒரு கௌரவமான பெண்மணியின் மேல் விழுந்த கதையைக் கேளுங்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினை நம் வாசகிகளில் பலர் கல்லூரியில் படித்திருப்பார்கள். அவருடைய மாமாவின் மனைவி ஜேன் லீ பெரட். வசதியான குடும்பம். 1799 ஆகஸ்டில் பாத் நகரத்துக் கடை ஒன்றில் இந்த அம்மாள் கறுப்பு லேஸ் வாங்கினார், பணமும் கொடுத்தார். கடைச் சிப்பந்தி கட்டிக் கொடுத்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனார். சிறிது நேரம் கழித்துக் கணவரோடு அந்த வழியே திரும்பி வரும்போது, கடைக்காரப் பெண்மணி ஓடி வந்து வழி மறித்தாள். பொட்டலத்தைப் பிரித்தால், கறுப்பு லேஸோடு வெள்ளை லேஸ் சுற்றிய அட்டை ஒன்றும் உள்ளே இருந்தது. அதன் மதிப்பு இருபது ஷில்லிங்.

"கட்டும்போது உங்கள் ஆள் தவறுதலாக வைத்திருப்பான்" என்பது அம்மாள் கட்சி. "நீங்கள்தான் எடுத்தீர்கள்" என்பது கடைக்காரர் கட்சி. நிரூபணமானால் தூக்கு, கருணை காட்டினால் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். இல்செஸ்டர் சிறையைச் சேர்ந்த காவலர் வீட்டில் ஏழு மாதத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார் அந்த அம்மாள். வயதான கணவரும் கூடவே போய்த் தங்கினார். 1800 மார்ச்சில் டான்டன் நகரில் விசாரணை நடந்தது. ஜூரிகள் தனியே போய்ச் சில நிமிஷங்களுக்குள் திரும்பி வந்து, குற்றவாளி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விடுதலை கிடைத்தது. ஆனால் போன ஏழு மாதமும், ஊர் பேசிய பேச்சும் திரும்பியா வரும்?

அந்தக் கடையில் ஒரு சின்ன ஏற்பாடு இருந்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது. பில் போடுகிறவர் ஒருவர், பொட்டலம் கட்டுகிறவர் வேறொருவர் என்று வைத்து, கட்டுவதற்கு முன் பில்லோடு சரக்கை ஒத்துப் பார்த்திருந்தால் போதுமே!

மூன்று மேஜைத் தந்திரம்

இந்த ஏற்பாடுதான் நம் ஊர் ஜவுளிக் கடைகளில் வெகு காலமாக இருந்து வருகிறது. விரித்த மெத்தையின் மேல் சிப்பந்தி உட்கார்ந்திருப்பார். நாம் எதிரே உட்காருவோம். நாம் கேட்கக் கேட்க அவர் புடவையை எடுத்து வீசுவார். அது விசிறி போல விரிந்து விழும். வேண்டாம் என்றதைப் பக்கத்துப் பையன் உடனுக்குடன் மடித்து எடுத்து வைப்பான். 'என்ன சுறுசுறுப்பு!' என்று நாம் வியக்கிறோம். சுறுசுறுப்பு மட்டுமா? விரித்த புடவைகள் குவியலாகக் கிடந்தால் எது போயிற்று, எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மடித்து மடித்து வைத்துக்கொண்டே வந்தால் எப்போதும் ஐந்தோ ஆறோதான் வெளியே இருக்கும். ஒன்று குறைந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். அந்த மடிக்கும் பையன்தான் கடையின் முதல் காவல்காரன்!

புடவையைத் தேர்ந்தெடுத்த பிறகு என்ன நடக்கிறது? சிப்பந்தி பில் எழுதிச் சீட்டை மட்டும் நம் கையில் கொடுக்கிறார். புடவை நம் கைக்கு வருவதில்லை. அது வேறு வழியாக டெலிவரி மேஜைக்குப் போய்விடுகிறது. நாம் கல்லாவுக்குப் போய்ப் பணம் கட்டி முத்திரை வாங்குகிறோம். முத்திரை விழுந்த சீட்டைக் காட்டினால்தான் டெலிவரி மேஜையில் பை கிடைக்கிறது. வாசலில் நிற்பவர் சீட்டில் ஓர் ஓட்டை போடுகிறார்.

"ஒரு புடவைக்கு மூன்று வரிசையா?" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சரக்கைக் காட்டுகிறவர் பணத்தைத் தொடுவதில்லை. பணம் வாங்குகிறவர் சரக்கைத் தொடுவதில்லை. பொட்டலம் கொடுக்கிறவருக்கு இரண்டோடும் சம்பந்தம் இல்லை. ஒருவர் தப்புச் செய்ய நினைத்தாலும் மற்ற இருவர் ஒத்துழைக்க வேண்டும். வாசலில் போடும் ஓட்டையினால், அதே சீட்டைக் காட்டி இரண்டாவது பையை யாரும் வாங்க முடியாது. இவ்வளவு காவலும் நடக்கிறது. ஆனால் யாரும் யாரையும் 'திருடி' என்று சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. பாத் நகரத்து அம்மாளுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது.

நகைக் கடையிலும் இப்படி ஒரு யுக்தி உண்டு. மோதிரத் தட்டைக் கவனித்திருக்கிறீர்களா? வரிசையாகக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு மோதிரம். ஒன்று கழன்றால் காலிக் குழி கூப்பாடு போடும். ஒரு தட்டை உள்ளே வைத்த பிறகுதான் அடுத்த தட்டு வெளியே வரும். அசலை எடுத்துக்கொண்டு முலாம் பூசிய போலியை அந்தக் குழியில் வைத்துவிட்டுப் போகும் கைதேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் ஒவ்வொரு நகையிலும் எடையும் எண்ணும் எழுதிய சின்னச் சீட்டு தொங்குகிறது.

தடுப்பு நீங்கிய நாள்

பழைய கடைகளில் வாங்குகிறவருக்கும் சரக்குக்கும் நடுவே ஒரு மேஜையோ மனிதரோ இருந்தார்கள். மளிகைக் கடையில் சீட்டை நீட்டினால் பருப்பும் புளியும் பொட்டலமாக வரும். உள்ளே போய் நாமே எடுக்கும் வழக்கம் கிடையாது.

அமெரிக்காவில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்ற வியாபாரி இந்தத் தடுப்பை நீக்கினார். 1916 செப்டம்பரில் மெம்ஃபிஸ் நகரத்தில் 'பிக்லி விக்லி' என்ற விசித்திரமான பெயரோடு ஒரு மளிகைக் கடை திறந்தார். வாசலில் கூடையை எடுத்துக்கொள்ள வேண்டியது. சுழலும் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டியது. அலமாரிகளின் நடுவே நடந்து வேண்டியதைத் தாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ள வேண்டியது. சிப்பந்திகள் குறைந்தார்கள், செலவு குறைந்தது. 1917-ல் இந்த அமைப்புக்கு அவர் காப்புரிமையும் வாங்கினார்.

அவர் திருட்டைப் பற்றி யோசிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடையில் உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி. கோவில் பிராகாரம் சுற்றுவது போல எல்லா அலமாரிகளையும் சுற்றி வந்து, கடைசியில் பணம் வாங்குகிறவர் முன்னால்தான் நிற்க முடியும். இன்று நாம் போகும் சூப்பர் மார்க்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் இதுதான் பாட்டி வீடு.

ஆனாலும் கைக்கெட்டும் தூரத்தில் சரக்கு இருந்தால் சபலமும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். அதற்காகக் கடைக்காரர்கள் பல சின்ன உபாயங்கள் கண்டார்கள். அலமாரிகளை ஆள் உயரத்துக்குக் கீழே வைத்தார்கள். இருட்டு மூலைகளுக்கு விளக்குப் போட்டார்கள். திரும்பும் இடங்களில் குவிந்த கண்ணாடி மாட்டினார்கள். பணம் வாங்குகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதில் கடைசி மூலையைப் பார்க்கலாம். சிறியதாகவும் விலை அதிகமாகவும் உள்ள சாமான்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நாம் கொண்டு போகும் பையை வாசலில் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கும் ஏற்பாடும் இந்த வகைதான்.

இரண்டு புட்டியால் பிறந்த யுக்தி

1960-களின் நடுவில் அதே அமெரிக்காவில், ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில், ரான் அஸ்ஸாஃப் என்ற இளைஞர் பெரிய மளிகைக் கடை ஒன்றுக்கு மானேஜராக இருந்தார். ஒருநாள் ஓர் ஆள் இரண்டு ஒயின் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். மானேஜர் துரத்தினார், பிடிக்க முடியவில்லை. மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர், இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறவன் பணக்காரனாகிவிடுவான் என்று உறவினர் ஒருவரிடம் அலுத்துக்கொண்டாராம். அந்த உறவினருக்கு இயந்திரங்களில் ஆர்வம். இருவரும் சேர்ந்து, சரக்கில் மாட்டும் சீட்டு ஒன்றையும், அது வாசலைத் தாண்டினால் கத்தும் கருவி ஒன்றையும் உருவாக்கினார்கள். பின்னால் உலகமெங்கும் தெரிந்த 'சென்ஸர்மேட்டிக்' கம்பெனி இப்படிப் பிறந்தது. அதே காலத்தில் ஆர்தர் மினாஸி என்பவரும் இதே வழியில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்.

இந்தச் சீட்டு எப்படிக் கத்துகிறது? ஒரு வகையைச் சொல்கிறேன். விரலளவு பிளாஸ்டிக் கூட்டுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் நிற்கும் கம்பங்கள் விட்டு விட்டு ஒரு காந்த அலையை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அந்த அலை பட்டதும் தகடு விநாடிக்கு 58,000 தடவை அதிர்கிறது. வீணையில் தந்தியைச் சுண்டிவிட்டு விரலை எடுத்த பிறகும் நாதம் கொஞ்ச நேரம் நிற்கிறதல்லவா? அதுபோல அலை நின்ற பிறகும் தகட்டின் அதிர்வு ஒரு கணம் நீடிக்கிறது. கம்பங்கள் அந்த மௌனத்தில்தான் காது கொடுத்துக் கேட்கின்றன. நாதம் கேட்டால் மணி அடிக்கிறது. நாம் பணம் கட்டும்போது பில் போடும் பெண் சாமானை ஒரு பலகையின் மேல் தேய்க்கிறாளே, அது அந்தச் சீட்டிலுள்ள காந்தத்தை மாற்றிச் சுருதியைக் கலைத்துவிடுகிறது. சுருதி போன தந்தியை வாசல் கண்டுகொள்வதில்லை.

புடவையிலும் சட்டையிலும் மாட்டுகிற கெட்டியான வில்லை வேறு மாதிரி. அதற்குள் ஓர் ஊசியைச் சின்னக் குண்டுகள் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். கல்லாவிலுள்ள பலமான காந்தத்தின் மேல் வைத்தால்தான் பிடி தளரும். சிலவற்றில் மசி வைத்திருப்பார்கள்; பலவந்தமாகப் பிடுங்கினால் துணியெல்லாம் மசியாகிவிடும். பிறகு எடுத்தவருக்கும் பிரயோஜனமில்லை.

இந்த யுக்தியில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. கூலி வேலைக்காரி உடுத்தியிருக்கும் நூல் புடவையையும் காரில் வந்து இறங்கும் சீமாட்டியின் பட்டையும் அந்தக் கம்பத்துக்குப் பேதம் பார்க்கத் தெரியாது. உடை, நிறம், பேச்சு இவற்றை வைத்து ஆளை எடை போடும் புத்தி மனிதக் காவல்காரனுக்கு உண்டு. சாதாரணப் புடவை கட்டிய பெண் பின்னாலேயே ஒரு சிப்பந்தி நிழல் மாதிரி தொடர்வதை நாம் பார்த்திருக்கிறோம். கம்பம் அப்படிச் செய்வதில்லை. அது சரக்கை மட்டுமே கேட்கிறது.

காமிரா இருக்கலாம், எங்கே இருக்கலாம்?

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் கூரையிலிருந்து காமிரா பார்க்கிறது. "நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்" என்ற பலகையும் தொங்குகிறது. காமிராவைவிட அந்தப் பலகைக்குத்தான் சக்தி அதிகம் என்பேன். காமிரா நடந்ததைப் பிறகு காட்டும். பலகையோ நடக்குமுன் சபலக்காரரை யோசிக்க வைக்கும்.

ஆனால் உடை மாற்றிப் பார்க்கும் அறைக்குள் காமிராவுக்கு வேலையே இல்லை. அங்கே ஒரு பெண்ணை அவள் அறியாமல் படம் பிடிப்பது குற்றம் என்று 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள். அது 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. முதல் தடவைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாத சிறை. திருட்டைத் தடுக்கத்தான் வைத்தோம் என்று கடைக்காரர் சமாதானம் சொல்ல முடியாது. அந்த அறைக்குக் காவல் வேண்டுமானால் எளிய வழி இருக்கிறது. உள்ளே போகும்போது எத்தனை உடுப்பு என்று எண்ணி, அந்த எண் போட்ட அட்டையைக் கொடுத்துவிட்டு, வெளியே வரும்போது மறுபடி எண்ணிக்கொள்ளலாம். நல்ல கடைகளில் ஒரு பெண் சிப்பந்தியே இதைப் புன்னகையோடு செய்துவிடுகிறாள்.

மணி அடித்துவிட்டால்?

பணம் கட்டிவிட்டு வெளியே வருகிறீர்கள். வாசலில் மணி அடிக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். உங்களுக்கு முகம் சிவந்து கை கால் நடுங்குகிறது. ஆனால் பயப்பட என்ன இருக்கிறது? மணி அடித்தால் அதற்குப் பெரும்பாலும் ஓர் அர்த்தம்தான்: உயிரோடு இருக்கும் சீட்டு ஒன்று வாசலுக்கு வந்திருக்கிறது. பில் போட்ட பெண் அவசரத்தில் அதை அணைக்க மறந்திருக்கலாம். வேறு கடையில் வாங்கிய சாமானில் இருந்த சீட்டாகவும் இருக்கலாம். நின்று பில்லைக் காட்டுங்கள். "வில்லை கழற்ற மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைக்காரர் சொல்ல வேண்டிய வார்த்தையும் இதேதான். "அம்மா, எங்கள் ஆள் சீட்டைக் கழற்றாமல் விட்டிருப்பார், மன்னிக்க வேண்டும், பில்லைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டால், நல்லவர் மனம் நோகாது. தவறு செய்தவருக்கும் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால்? இங்கே சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. திருட்டுக்கு மூன்று வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் களவு போன பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவையாகத் தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதிலாகச் சமூக சேவையைத் தண்டனையாக விதிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. ஐந்து ஷில்லிங்குக்குத் தூக்குப் போட்ட காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பாருங்கள்!

கடைச் சிப்பந்திக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. ஒருவரை வெறும் சந்தேகத்தின் பேரில் அறையில் அடைத்து வைப்பதும், உடம்பைத் தடவிச் சோதிப்பதும் கடைக்காரர் மேலேயே வழக்காகத் திரும்பும். போலீஸாரே ஆனாலும் ஒரு பெண்ணை மற்றொரு பெண்தான், கண்ணியத்துக்குக் குறைவில்லாமல், சோதிக்க வேண்டும். அடிப்பது, போட்டோ எடுத்து ஊரெங்கும் பரப்புவது இவையெல்லாம் காவலும் அல்ல, நியாயமும் அல்ல.

குறைந்தது யார் கணக்கில்?

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். சரக்குக் குறைந்தால் வாடிக்கையாளர்தான் எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்கச் சில்லறை வியாபாரிகளின் தேசியச் சங்கம் 2023-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அங்கே காணாமல் போன சரக்கின் மதிப்பில் 36 சதவிகிதம் வெளியாட்கள் எடுத்தது. 29 சதவிகிதம் உள்ளே வேலை செய்பவர்கள் எடுத்தது. 27 சதவிகிதம் கணக்குப் பிழையாலும் நிர்வாகக் கோளாறாலும் போனது. அதாவது, கடைக்குள் நுழையும் ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்தாலும் மூன்றில் ஒரு பங்குக் காவல்தான் நடந்திருக்கும்! எண்ணி வாங்கி, எண்ணி வைத்து, அடிக்கடி இருப்பைச் சரி பார்க்கும் முதலாளிக்கு மற்றதெல்லாம் தானே பிடிபடும்.

இருப்புக் குறையும்போது அந்தப் பகுதியில் நின்ற பெண்ணின் சம்பளத்தில் பிடித்துவிடுவது சுலபமான வழியாகத் தோன்றலாம். ஆனால் 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இதற்கு ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. அவரிடம் குறிப்பாக ஒப்படைத்த சரக்காக இருக்க வேண்டும். அவருடைய அஜாக்கிரதையால்தான் போயிற்று என்பது நேரடியாகத் தெரிய வேண்டும். அவர் தரப்பைச் சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்த பிறகே பிடிக்கலாம். தீபாவளிக் கூட்டத்தில் இருபது பேருக்கு ஒரே பெண்ணை நிறுத்திவிட்டு, "நீதான் பார்த்திருக்க வேண்டும்" என்று கேட்பது எந்த நியாயம்?

காலையிலிருந்து இரவு வரை நின்று நின்று கால் வீங்கிப் போன பெண்ணுக்குக் கண்ணும் களைத்துத்தான் போகும். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் செய்தார்கள். அதைக் கருணைச் சட்டம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது கடையின் பாதுகாப்புக்கும் நல்லது. கூட்ட நாளில் இரண்டு பேரை அதிகம் போட்டு, மற்ற நாளில் ஒரு நாற்காலியும் போட்டுவைக்கும் முதலாளி, நாலு காமிராவுக்குச் சமமான காவலைச் சம்பாதித்துக்கொள்கிறார்.

எல்லாக் காவலிலும் செலவு குறைந்தது ஒன்று உண்டு. உள்ளே வருகிறவரை நிமிர்ந்து பார்த்து, "வாங்கம்மா, என்ன பார்க்கிறீங்க?" என்று கேட்பதுதான் அது. வாங்க வந்தவருக்கு அது உபசாரம். மனம் குளிர்ந்து ஒரு புடவைக்கு இரண்டாக எடுப்பார். வேறு எண்ணத்தோடு வந்தவருக்கோ அது எச்சரிக்கை. தன்னை ஒருவர் பார்த்துவிட்டார், முகத்தை நினைவு வைத்துக்கொள்வார் என்று தெரிந்ததும், அவர் நாகரிகமாக நழுவிவிடுவார்.

வாசகிகளுக்கும் சில வார்த்தைகள். பார்த்து வேண்டாம் என்ற புடவையைச் சிப்பந்தியின் பக்கமாகத் தள்ளி வையுங்கள். குழந்தை கையில் ஏதாவது பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறதா என்று கல்லாவுக்குப் போகுமுன் பாருங்கள். வாசலைத் தாண்டும்வரை பில்லைக் கையிலேயே வைத்திருங்கள். பில்லில் ஓட்டை போடுகிற பெரியவரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அவர் போடும் அந்தச் சின்ன ஓட்டை, நீங்கள் எடுத்த புடவை உங்களுடையதுதான் என்பதற்கு ஒரு சாட்சி.